மலைப்பாதையில் பழைய காரும் புதிய காரும்

சித்தூரிலிருந்து திருப்பதி வரையிலுள்ள சுமார் 70 கிலோமீட்டரை எந்தக் காரும் சிரமமின்றிக் கடந்துவிடும். அதன் உண்மையான சோதனை திருமலைக்கு ஏறி இறங்குவதில்தான் உள்ளது. 1944-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை, இன்று வழக்கமாக இறங்குவதற்குப் பயன்படுகிறது. அதன் நீளம் ஏறக்குறைய 19 கிலோமீட்டர். உயர வேறுபாடு சுமார் 700 மீட்டர்.

இங்கு இரு கார்களை ஒப்பிடுவோம். ஒன்று, அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் பயணம் செய்து கௌரவச் சின்னமாக விளங்கிய அம்பாஸிடர். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த இது, உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தியாயிற்று. மற்றொன்று, இக்காலத்து மாருதி டிசையர்.

ஏற்றத்தில் பழைய அம்பாஸிடரின் ரேடியேட்டர் நீர் கொதிப்பதுண்டு. அதன் விசிறி யந்திரத்துடன் பெல்ட்டால் இணைக்கப்பட்டது. யந்திரம் மெதுவாகச் சுழன்றால் விசிறியும் மெதுவாகவே சுழலும். புதிய காரில் மின்விசிறி, உஷ்ணம் மிகும்போது தானே இயங்கும். மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைவதால், கார்புரேட்டர் தரும் கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும். புதிய காரில் உணரிகள் அளவைத் திருத்திவிடுகின்றன.

இறக்கத்தில்தான் ஆபத்து மிகுதி. பயணிகளுடன் காரின் எடை 1500 கிலோகிராம் என்று கொள்வோம். 700 மீட்டர் இறங்கும்போது அது இழக்கும் நிலைச் சக்தி, 35 லிட்டர் நீரை 30 பாகை செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. டயர்களும் காற்றும் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதைப் பிரேக்கோ யந்திரமோ ஏற்றாக வேண்டும்.

முற்கால அம்பாஸிடரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. உஷ்ணத்தால் டிரம் விரிந்து பிரேக் கட்டையை விட்டு விலகும், உராய்வும் குறையும், ஓட்டுநரின் காலடியில் மிதி தாழ்ந்துகொண்டே போகும். டிசையரின் முன்சக்கரங்களிலுள்ள டிஸ்க் பிரேக், காற்று படும்படி அமைந்திருப்பதால் விரைவில் குளிர்கிறது. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. ஆயினும் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்குமேயன்றி, உஷ்ணத்தைக் குறைக்காது.

பெட்ரோலை மிச்சப்படுத்தக் கியரை விடுவித்து இறங்குவோர் இன்றும் உளர். புதிய காரில் இதனால் லாபமில்லை. கியரில் இறங்கும்போது யந்திரத்துக்குச் செல்லும் பெட்ரோல் தானே நின்றுவிடும். கியரை விடுவித்தாலோ யந்திரம் ஓடிக்கொண்டிருக்கப் பெட்ரோல் செலவாகும். யந்திரத்தையே நிறுத்திவிடுவது இன்னும் கொடிது. பிரேக்குக்குத் துணைபுரியும் வெற்றிட விசை ஓரிரு மிதிப்புகளில் தீர்ந்துவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

ஆகவே, கார் பழையதாயினும் புதியதாயினும் விதி ஒன்றே: இறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்க, பிரேக்கை இடைவிடாது அழுத்தற்க. ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கை வகுப்பில் செய்வித்தால், சக்தி அழியாது, உருமாறும் என்னும் விதி மாணவர் மனத்தில் நன்கு பதியும்.