முதல் ஊசி யாருக்கு?

2020 டிசம்பர் 8ஆம் திகதி பிரித்தானியா தனது கொவிட் தடுப்பூசித் திட்டத்தை 90 வயதுப் பெண்மணி ஒருவரோடு தொடங்கியது. ஐந்து வாரம் கழித்துத் தொடங்கிய இந்தோனேசியா, சுகாதார ஊழியர்களுக்கு அடுத்ததாக 18 முதல் 59 வயது வரையான உழைப்பாளிகளை முன்னே நிறுத்தியது. நோய் ஒன்றுதான், வரிசை மட்டும் ஏன் தலைகீழ்?

இந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கென்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

1927இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் ஊர்ச்சனத்தை மூன்று அறைகளாகப் பிரித்தார்கள்: இன்னும் தொற்றாதவர், தொற்றியவர், குணமாகியோ மரணித்தோ கணக்கிலிருந்து விலகியவர். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு வேகத்தில் ஆட்கள் நகருகிறார்கள் என்பதே மாதிரி. கொவிட் காலத்தில் ஒவ்வோர் அறையையும் வயதுவாரியாக மேலும் பிரித்தார்கள். தடுப்பூசி என்பது சிலரை முதல் அறையிலிருந்தே பாதுகாப்பாக வெளியே எடுப்பது. யாரை எடுப்பது என்பதுதான் சங்கதி.

25 வயதுக்காரர் 70 தாண்டியவரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பேரைச் சந்திக்கிறார். அப்படியானால் நோயைக் காவுகிற இளைஞருக்குத்தானே முதலில் போட வேண்டும்? நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் 2020இன் மதிப்பீடுகளின்படி, தொற்றினால் மரணிக்கும் வாய்ப்பு 25 வயதில் 0.01 வீதம்; 75 வயதில் 4.6 வீதம். அதாவது 460 மடங்கு. இரண்டு மடங்கு எங்கே, 460 மடங்கு எங்கே!

அமெரிக்க ஆய்வாளர் கேட் பூபாரும் கூட்டாளிகளும் 2021இல் சயன்ஸ் சஞ்சிகையில் ஐந்து வரிசைகளை ஒப்பிட்டார்கள். பரவலைத் தடுக்கும் நல்ல ஊசியை 20 முதல் 49 வயதினருக்கு முதலில் போட்டால் தொற்று எண்ணிக்கை மிகக் குறைகிறது. மரணத்தைக் குறைக்க வேண்டுமென்றால், பெரும்பாலான நிலைமைகளில் 60 கடந்தோரே முதலில். இரண்டும் சரியான விடைகள்தான், கேட்ட கேள்விதான் வேறு. எதைக் குறைப்பது என்பதைக் கணிதம் சொல்லித் தராது; அதை மனிதர்தான் தீர்மானித்தாக வேண்டும். ‘விஞ்ஞானம் சொல்லிவிட்டது’ என்று அரசியல்வாதிகள் ஒதுங்கிக்கொள்வதை என்னால் ஏற்க முடியாதது இதனால்தான்.

இந்தோனேசியாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அங்கே போட்ட சினோவாக் ஊசி முதியோரில் போதியளவு பரிசோதிக்கப்பட்டிருக்கவில்லை. பெப்ரவரியில் அவர்களுக்கும் அனுமதி கிடைத்தது.

சரி, யார் யாரைச் சந்திக்கிறார் என்று எப்படித் தெரியும்? 2008இல் வெளியான போலிமொட் ஆய்வுக்காக எட்டு ஐரோப்பிய நாடுகளில் 7,290 பேர் ஒருநாள் முழுக்கத் தாங்கள் சந்தித்தவர்களைக் குறித்து வைத்தார்கள்; 97,904 சந்திப்புகள். மற்ற நாடுகளுக்கான அட்டவணைகள் பலவும் அதிலிருந்து ஊகித்துக் கட்டப்பட்டவை. மூத்தம்மாவும் பேரனும் ஒரே சஹனில் கை வைக்கும் வீட்டில், பேரனுக்குப் போடும் ஊசி மூத்தம்மாவை எவ்வளவு காக்கும் என்பதை அந்த அட்டவணையிலிருந்து அப்படியே எடுத்துவிட முடியாது. இங்கும் யாராவது வீடுவீடாய்ப் போய் எண்ணத்தான் வேண்டும்.