காது போடும் மதிப்பெண்

ஆம்பூர்க்காரர் "வந்துகினு இருக்கேன்" என்றால் மதுரைக்காரருக்குச் சிரிப்பு வரலாம். அவரோ "வந்துக்கிட்டு இருக்கேன்" என்பார். எது சரி? ஏட்டில் உள்ள 'கொண்டு' என்னும் சொல்தான் ஓரிடத்தில் 'கினு' என்றும், மற்றோரிடத்தில் 'கிட்டு' என்றும் தேய்ந்திருக்கிறது. 'பழம்' வடக்கே பலர் வாயில் 'பயம்'. தெற்கே பலர் வாயில் 'பளம்'. இருவருமே ஏட்டிலிருந்து விலகியவர்கள்தாம்!

பிறர் பேச்சு மட்டும் ஏன் விநோதமாக ஒலிக்கிறது? குழந்தையின் காது முதல் ஆண்டிலேயே வீட்டு மொழியின் ஒலிகளுக்குப் பழகத் தொடங்குகிறது. பின்னர் அதுவே அளவுகோலாகிறது. தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தமிழ், உருது, தெலுங்கு ஆகியவை வீட்டுமொழிகள். அவற்றின் சாயல் பேசும் தமிழிலும் படிகிறது.

காது ஒலியோடு நிற்பதில்லை, ஆளையும் எடைபோடுகிறது. கனடாவில் லாம்பர்ட் என்ற உளவியலறிஞரும் குழுவினரும் செய்த ஆய்வு 1960இல் வெளிவந்தது. இருமொழி அறிந்தவர்கள் ஒரே பகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படித்தார்கள். ஒரே ஆள் என்பதை அறியாத மாணவர்கள், ஆங்கிலக் குரலையே அதிக அறிவுள்ளதாக மதிப்பிட்டனர். பிரெஞ்சு மாணவர்களும் அப்படியே மதிப்பிட்டதுதான் வியப்பு! ஒரே மொழியின் வெவ்வேறு உச்சரிப்புகளை வைத்துச் செய்த பிற்கால ஆய்வுகளும் இத்தகைய பாரபட்சத்தைக் காட்டின.

நேர்முகத் தேர்வில் இப்படி நடந்தால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்.

நீங்களும் சோதிக்கலாம். இருவிதமாகப் பேசத் தெரிந்த நண்பரை, ஒரே செய்தியை இருமுறை சொல்லச் செய்து பதிவு செய்யுங்கள். ஆளைச் சொல்லாமல் வகுப்பில் மதிப்பெண் போடச் சொல்லுங்கள். வேறுபாடு வந்தால், அது பேசியவருடையதன்று, கேட்டவர்களுடையது.