2 கிலோபைட்டில் முட்டிய நிரல்

சென்ற வாரம் 8051 சிப்பைப் பலகையில் பொருத்தியதோடு தொடர் நின்றது. இந்த வாரம் அதற்கு ஒரு கம்பைலர் தேட வேண்டும்.

பென்னலூரில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, 1985இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகள். இந்தப் பக்கத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் யாருக்கும் 8051 புதிதல்ல. 1980இல் இன்டெல் வெளியிட்ட இந்தச் சிப், ஒற்றைச் சில்லில் அடங்கிய மைக்ரோகம்ப்யூட்டர். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்திலும் 8086க்குப் பக்கத்தில் அதற்கு இடம் இருந்தது.

கையில் இருப்பது 8051 குடும்பத்தைச் சேர்ந்த ஏடி89எஸ்52 என்று வைத்துக்கொள்வோம். நிரலுக்கு 8 கிலோபைட், ரேம் 256 பைட். கம்பைலர் என்றதும் பலரும் முதலில் இறக்கிக்கொள்வது கெய்ல் நிறுவனத்தின் இலவசச் சோதனைப் பதிப்பு. எல்இடி சிமிட்டும், எல்சிடியில் பெயர் ஓடும். வெப்பநிலையைத் தசமத்தில் கணக்கிடத் தொடங்கியதும் லிங்கர் மறுத்துவிடும், ஏனென்றால் அந்தப் பதிப்பின் எல்லை 2 கிலோபைட். சிப்பின் முக்கால் பங்கு காலியாகக் கிடக்க, நிரல் வெளியே நிற்கிறது! முழு உரிமமோ மாணவர் பைக்கு எட்டாத விலை.

மலிவான கம்பைலருக்கு எல்லை இருப்பதே குற்றமல்ல. அந்த எல்லை எந்த எந்திரத்தில் வந்து இடிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1983 நவம்பரில் போர்லண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு விற்றது; அன்றைய மதிப்பில் சுமார் 500 ரூபாய். போட்டி நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான டாலர் கேட்ட காலம் அது. ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் எழுதிய அந்தக் கம்பைலரில் எடிட்டரும் உள்ளேயே இருந்தது. நிரல் 64 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. மொத்த நினைவகமே 64 கிலோபைட்டாக இருந்த சிபி/எம் கணினிக்காரருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஐபிஎம் பிசி வைத்திருந்தவருக்குத்தான் உறுத்தியது. 1987இல் வந்த நான்காம் பதிப்பு அதைத் தளர்த்தியது.

8051க்குத் திரும்பினால், சந்தீப் தத்தா தொடங்கிய எஸ்டிசிசி இருக்கிறது. விலை இல்லை, அளவு எல்லை இல்லை, இசட்80க்கும் உதவும். ஆனால் கெய்லுக்கு எழுதிய நிரலை அப்படியே கொடுத்தால் பிழைகள் கொட்டும். போர்ட் பிட்டையும் இன்டரப்டையும் அறிவிக்கும் முறை வேறு. சிறப்புச் சொற்களுக்கு முன் இரட்டை அடிக்கோடு வேண்டும். ஒரு மாலை நேர வேலை, அவ்வளவுதான். இன்னொன்று: அதன் வழக்கமான பிரின்ட்எஃப் தசம எண்ணை அச்சிடாது.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. டிஎஸ்18பி20 சென்சார் வெப்பநிலையை டிகிரியில் பதினாறில் ஒரு பங்காக, முழு எண்ணாகவே தருகிறது. 404 வந்தால் பத்தால் பெருக்கி 16ஆல் வகுக்கலாம், 252 கிடைக்கும். கடைசி இலக்கத்துக்கு முன் ஒரு புள்ளி வைத்தால் 25.2 டிகிரி. தசம நூலகம் உள்ளே வரவே தேவையில்லை. இப்படி மெலிந்த நிரல் பல சமயம் கெய்லின் 2 கிலோபைட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். பணம் தேடும் முன் இதைச் செய்து பார்ப்பதே நல்லது.

எஸ்டிசிசியைத் தேர்ந்தவர், அது தரும் ஐஎச்எக்ஸ் கோப்பைப் பேக்ஐஎச்எக்ஸ் என்ற துணைக் கருவி வழியாக ஹெக்ஸ் கோப்பாக்க வேண்டும். அதைச் சிப்பில் டம்ப் செய்யும் புரோகிராமர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் கிடைக்கும். எதை வாங்குவது என்பது அடுத்த வாரம்.