சுண்ணாம்பு வீட்டுக்கும் சோபை உண்டு!

திண்டுக்கல் மலையைப் பாருங்கள். ஒரே பாறை. அதன் நிறம் சாம்பல். வேறு அலங்காரம் எதுவும் கிடையாது.

ஆனால் விடியற்காலையில் அது கருநீலமாகத் தெரிகிறது. வெயில் ஏறினால் வெளுக்கிறது. மாலையில் செம்மை படர்கிறது. மழை பெய்தால் நனைந்த யானையைப் போலக் கறுத்து நிற்கிறது. 1605-ஆம் ஆண்டில் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் அதன்மேல் கோட்டை கட்டத் தொடங்கினார். அன்று முதல் இன்று வரை, அந்த மலையைப் பார்த்துச் சலித்துவிட்டது என்று யார் சொன்னார்கள்?

வீட்டுச் சுவரும் அப்படித்தான்.

நாகல் நகர், ரெயில் நிலையத்தை ஒட்டிய பகுதி. சௌராஷ்டிர நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். நூலும் சாயமும் இவர்களுக்குப் பழக்கமான பொருள்கள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் எடுக்கும் என்பது இவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியது இல்லை.

ஆனாலும் பொங்கல் நெருங்கினால் போதும், எல்லா ஊர்களையும் போல இங்கேயும் வீடுகளில் வாக்குவாதம் தொடங்கிவிடும். "வெள்ளை அடித்தால் போதும், செலவு குறையும்" என்பார் குடும்பத் தலைவர். "வெள்ளை அடித்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமே!" என்பார் மனைவி. பெண்ணுக்கு ரோஜா நிறம் வேண்டும். பையனுக்கு நீலம் வேண்டும். கடைசியில் நாலு சுவருக்கு நாலு நிறம்! வீடு சின்னது. நாலு நிறமும் கண்ணை வந்து குத்தும். ஒரு வருஷத்தில் அலுத்துப் போகும். மறுபடியும் பெயிண்ட், மறுபடியும் கடன்.

வெள்ளை ஒன்றல்ல

வெள்ளை என்றால் ஒரே வெள்ளை என்று எண்ணிவிடக் கூடாது. சுண்ணாம்பு வெள்ளை வேறு. நீலம் கலந்த வெள்ளை வேறு. தேங்காய்ப் பருப்பின் வெள்ளை வேறு. தறியிலிருந்து இறங்கிய கோராத் துணியில் இலேசான பழுப்பு ஓடும். அதற்கு அப்பால் சந்தனம், தந்தம், சாம்பல், மணல் நிறம் என்று எத்தனையோ இருக்கின்றன. இவையெல்லாம் சாந்தமான நிறங்கள்.

வெயில் நேராக வராத அறைக்கு நீலம் ஓடும் வெள்ளையை அடித்தால் அறை சோர்ந்துதான் கிடக்கும். அதற்குச் சந்தனச் சாயல் நல்லது. மேற்கு வெயில் அடிக்கும் அறைக்குச் சுத்த வெள்ளையோ இலேசான சாம்பலோ பொருந்தும். கடைக்காரர் காட்டும் அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். சுவரில் இரண்டு அடி சதுரத்துக்கு அடித்துப் பாருங்கள். காலையில் ஒரு முறை, உச்சி வேளையில் ஒரு முறை, இரவில் விளக்குப் போட்டு ஒரு முறை பாருங்கள்.

விளக்கைச் சொன்னோம் அல்லவா? பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கிறது. எல்.ஈ.டி. பல்புப் பெட்டியில் 2700 அல்லது 3000 என்று போட்டிருந்தால் வெளிச்சம் மஞ்சளாக இருக்கும். 6500 என்றால் நீலம் ஓடும் வெள்ளை. வீடு ஆஸ்பத்திரி மாதிரித் தெரிவதற்குப் பல சமயம் காரணம் சுவர் அல்ல, இந்த 6500தான்! பல்பை மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு சுவரைக் குறை சொல்லுங்கள்.

செட்டிநாட்டுச் சுவர்

வெள்ளைச் சுவரின் பெருமையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் செட்டிநாட்டுக்குப் போகவேண்டும். அங்கே பழைய வீடுகளின் சுவர்களைத் தொட்டுப் பார்த்தவர்கள் அசந்து போவார்கள். சுண்ணாம்பையும் மணலையும் நன்றாக அரைத்து, கடுக்காய், வெல்லம், முட்டையின் வெண்கரு ஆகியவற்றைச் சேர்த்துப் பூசிய சுவர்கள் அவை. பல பூச்சுக்கள் பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றினார்கள். முட்டை ஓடு போல வழுவழுப்பு! நூறு ஆண்டு ஆகியும் பளபளக்கின்றன.

சுவர் வெள்ளை. ஆனால் வீடு சப்பென்று இருக்கிறதா? இல்லை. காரணம் என்ன? கதவும் தூணும் கறுத்த தேக்கு. தரையில் ஆத்தங்குடிக் கற்கள். நடுவில் முற்றம். முற்றத்தில் விழும் வெயில் வேளைக்கு ஒரு கோலம் போடுகிறது. நிறத்துக்குக் காலடியில் இடம் கொடுத்தார்கள். சுவரைச் சும்மா விட்டார்கள்.

இலங்கையின் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவும் (1919-2003) இந்த வித்தையை அறிந்தவர். கொழும்பில் 33-வது ஒழுங்கையில் வரிசையாக இருந்த நாலு சிறிய வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே வீடாக்கினார். வெள்ளைச் சுவர்கள் கொண்ட நீண்ட நடை. ஆங்காங்கே வானம் பார்த்த சிறு முற்றங்கள். பழைய மரக் கதவும் தூணும் அந்த வெள்ளையில் எடுப்பாக நிற்கின்றன. உலகத்தின் பல நாடுகளிலிருந்தும் அதைப் பார்க்க வருகிறார்கள்.

அவர்களுக்கு வசதி உண்டு, சின்ன வீட்டுக்காரர் என்ன செய்வது என்று கேட்கலாம். கேள்வி நியாயமே. தேக்குத் தூண் வேண்டாம். வீட்டில் இருப்பதே போதும். கோரைப் பாயில் கோடு இருக்கிறது. முறத்தில் பின்னல் இருக்கிறது. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தால் மூலையில் விளக்கு வைத்தது போல இருக்கும். சொரசொரப்பும் வழுவழுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், நிறம் குறைந்தாலும் கண் சலிக்காது. எல்லாம் ஒரே வழுவழுப்பாக, ஒரே வெளிறலாக இருந்தால்தான் சலிக்கும்.

திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னாளப்பட்டியின் சுங்குடிச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்ப்பார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாது. அவிழ்த்தால் அங்கே வெள்ளைப் புள்ளி! சேலைக்கு அழகு தருவது சாயம் ஏறாத அந்த இடம்தான். வீட்டில் இதைத் திருப்பிப் போடுங்கள். சுவர் முழுவதும் வெள்ளை. ஜன்னலுக்குப் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துத் தைத்த ஒரே ஒரு அரக்குத் திரை. பிறகு பாருங்கள்!

குழந்தைகள் இருக்கும் வீடு

அழகை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு பெயிண்டுகள் பளிச்சென்று இருப்பதற்காக ஈயம் கலந்த நிறப் பொடிகளைச் சேர்ப்பது வழக்கம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. 2017 நவம்பர் 1 முதல், வீட்டு பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டில் சட்டம். ஆனால் அதற்கு முன்பு அடித்த பழைய கதவும் ஜன்னலும் அப்படியே இருக்கின்றனவே! அவற்றை உலர்ந்தபடி சுரண்டினால் தூசி பறக்கும். தண்ணீரில் நனைத்து, ஈர உப்புத்தாள் கொண்டு தேய்க்கவேண்டும். அந்த நேரத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்கவே கூடாது.

பழைய சுண்ணாம்புச் சுவருக்கு பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பவர்களும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், பிறகு வெளியே விடும். மேலே பிளாஸ்டிக் படலம் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். கொப்புளம் கிளம்பும். பெயிண்ட் பாளம் பாளமாக உரியும்.

சுண்ணாம்பு அடிப்பதில் சிக்கனமும் உண்டு. முதல் நாளே நீற்றித் துணியில் வடிகட்டுங்கள். நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. ஒட்டுவதற்குக் கொஞ்சம் கஞ்சியோ வஜ்ரப் பசையோ சேர்க்கலாம். சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக இரண்டு, மூன்று தடவை அடியுங்கள். ஈரத்தில் ஒன்றும் தெரியாது. "காசு போச்சே!" என்று பதற வேண்டாம். காயக் காயத்தான் வெளுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி அது மறுபடியும் கல்லாக இறுகுகிறது. அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். ஆகையால் போகிக்கு முதல் நாள் மட்டையைத் தூக்காமல், பத்து நாள் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.