தூண்டில் தடிக்கு முன் அளவுகோல்: மெல்பேர்ண் இறங்குதுறைகளில் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு

"இந்தச் சனிக்கிழமை பியர் பக்கம் போறம், வாறியளோ?" என்று மெல்பேர்ணில் யாராவது கேட்டால் தப்பாக நினைக்காதீர்கள். குடிக்கிற பியர் இல்லை. கடலுக்குள் நீண்டு நிற்கும் இறங்குதுறையைத்தான் இங்கே 'பியர்' என்கிறார்கள். கோடை மாலையில் மொர்டியாலக், பிராங்ஸ்டன், மோர்னிங்டன், அல்டோனா என்று எந்தத் துறைக்குப் போனாலும் வியட்நாம்காரர், கிரேக்கர், இத்தாலியர் எல்லோரோடும் எங்கட சனமும் தடியோடு நிற்கும். படகு தேவையில்லை, பெரிய செலவும் இல்லை.

போர்ட் பிலிப் குடா கிட்டத்தட்ட 1,930 சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது. ஆனால் ஆழமான இடத்திலேயே சுமார் 24 மீற்றர்தான். ஆழமில்லாத கடல் என்பதால் மீன்கள் கரைக்குக் கிட்டவே மேய வரும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் முதல் யோசனை, கணவாயில் தொடங்குங்கள். ஏழு அடித் தடி, 2500 அளவு றீல், மெல்லிய பின்னல் நூல், இறால் வடிவில் வரும் 'ஜிக்' ஒன்று. இவ்வளவும் போதும், இரை வாங்கத் தேவையில்லை. எங்கே போடுவது என்று துறையே சொல்லித் தரும். பலகையில் கறுப்பு மை சிந்திக் காய்ந்திருக்கும் இடத்தில் முன்பு யாரோ கணவாய் தூக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் கடற்பாசித் திட்டுகள் இருந்தால் இன்னும் நல்லது. விடியலும் பொழுதுபடும் நேரமும் தோதானவை, அதோடு வற்றுப்பெருக்கில் நீர் உயர்ந்திருந்தால் அதிர்ஷ்டம்தான்.

ஜிக்கை எறிந்து பாசிக்கு மேலே வரும்வரை தாழ விடுங்கள். தடியை இரண்டு தரம் மேலே சுண்டி, பிறகு தானாகவே தாழ விடுங்கள். அனேகமாக அப்படித் தாழும்போதுதான் கணவாய் வந்து பிடிக்கும். பாரம் தெரிந்தால் வெட்டி இழுக்க வேண்டாம், கால் பிய்ந்துபோகும். நூல் தளராமல் ஒரே சீராகச் சுற்றுங்கள். மேலே வந்ததும் தண்ணீருக்குள்ளேயே மையைக் கக்க விட்டுத் தூக்கினால் உங்கள் சட்டை தப்பும், பக்கத்தில் நிற்பவரின் சட்டையும் தப்பும். ஒரு வாளி கடல்நீர் அள்ளிப் பலகையைக் கழுவிவிடுங்கள்.

அடுத்தது முரலும் கிழங்கானும். இங்கே 'கார்பிஷ்' என்பது எங்கட முரலின் உறவு. 'கிங் ஜோர்ஜ் வைற்றிங்' கிழங்கான் குடும்பம். முரலுக்குச் சின்ன மிதவையும் 10 அல்லது 12ஆம் இலக்கக் கொக்கியும். பாணை நனைத்துக் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசைந்து சிறுகச் சிறுகத் தூவினால் கூட்டம் கூடும். கிழங்கானுக்கு 6ஆம் இலக்க நீண்ட கொக்கியில் மட்டிச் சதை.

ஸ்னாப்பர் வேண்டுமென்றால் காற்றைப் படிக்க வேண்டும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை அது குடாவுக்குள் வரும் காலம். கச்சான் ஓங்கி அடித்தால் மொர்டியாலக் முதல் மோர்னிங்டன் வரையுள்ள கிழக்குக் கரையில் கடல் கலங்கும். படகுக்காரர் வீட்டில் இருக்கும் அந்த நேரந்தான் துறையில் நிற்பவருக்கு வாய்ப்பு. அலை பலகைக்கு மேலே ஏறி அடித்தால் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். துறை உயரமானது, பெரிய மீனை நூலில் தூக்கினால் நூல் அறும். கயிற்றில் இறக்கும் வலைக்கூடை ஒன்றைக் கொண்டுபோங்கள்.

இவ்வளவும் மீன் பிடிக்கிற கதை. எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியிருப்பது மீனை விடுகிற கதை.

ஊரில் நாங்கள் மீனை அளந்து பழகவில்லை. 25 சென்ரிமீற்றர் கிழங்கான் எங்களுக்கு அருமையான பொரியல். இங்கே அது சட்டப்படி கடலுக்குத் திரும்ப வேண்டிய மீன். விக்டோரியாவில் கிங் ஜோர்ஜ் வைற்றிங் குறைந்தது 27 சென்ரிமீற்றர், ஸ்னாப்பர் 28 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளக்க வேண்டும். கணவாய் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்துதான். மீனைத் துறையிலேயே துண்டு போடவும் கூடாது, அந்த வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருக்கை விஷயம் இன்னும் முக்கியம். திருக்கைக் குழம்பு எங்களுக்கு வெறும் கறி இல்லை, ஊர் ஞாபகம். ஆனால் இறங்குதுறை போன்ற கட்டுமானங்களிலிருந்து 400 மீற்றருக்குள் பிடிபடும் திருக்கையை வைத்திருக்கவே முடியாது. காயப்படுத்தாமல் திரும்ப விட வேண்டும். முள் வாலைக் கவனித்து, நூலைக் கொக்கிக்குக் கிட்ட வெட்டிவிடுவது நல்லது.

"கடல் எவ்வளவு பெரிசு, ரெண்டு மீனால என்ன குறையப் போகுது?" என்று கேட்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். கடல் பெரிசுதான். ஆனால் துறையிலிருந்து எட்டக்கூடிய கடல் சின்னது. அங்கே ஒரே நாளில் நூறு பேர் நிற்பார்கள், எல்லோரும் இரண்டு குஞ்சு மீன் எடுத்தால் கணக்கு என்னாகும்? ஒரு தடவையாவது முட்டையிட விடுவதற்குத்தான் இந்த அளவு. படகு வாங்க வசதியில்லாதவனுக்கு மிஞ்சியிருக்கும் கடலை நாங்களே வெறுமையாக்கக் கூடாது.

இன்னொன்று, 18 வயதிலிருந்து 69 வயதுவரை உள்ளவர்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஊரிலிருந்து விசிட் வந்திருக்கும் மாமாவுக்கும் இது பொருந்தும். 70 தாண்டிய அப்பாவுக்கும் 18 ஆகாத பிள்ளைகளுக்கும் தேவையில்லை. அதிகாரிகள் வந்தால் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். "தெரியாது" என்ற பதில் அங்கே எடுபடாது. அளவுகளும் எண்ணிக்கைகளும் அவ்வப்போது மாறும் என்பதால் போகுமுன் விக்டோரியா மீன்பிடி அதிகார சபையின் செயலியைப் பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. வயிறு ஊதும் பேத்தை மீன் இங்கேயும் கொக்கியில் ஏறும். நஞ்சு, சமைக்க வேண்டாம். கரையோரச் சிப்பிகளுக்குள் நீல வளையம் உள்ள சின்னக் கணவாய் மாதிரி ஒன்று ஒளிந்திருக்கும். அது எட்டுக்கால் ஒக்ரோபஸ், கடித்தால் உயிராபத்து. தடியை வீசுமுன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவும் பழக்குங்கள். அறுந்த தங்கூசியைக் கடலில் போட்டால் பெலிக்கன் காலில்தான் போய்ச் சுற்றும்.

எங்கட வீடுகளில் காற்றும் இரையும் தெரிந்தவர் அப்பப்பா. செயலியும் சட்டமும் தெரிந்தவர் பேரன். இரண்டு பேரையும் ஒரே துறையில் நிற்க வையுங்கள். மீனைத் தாத்தா பிடிக்கட்டும். அளந்து பார்த்து "இது காணாது அப்பப்பா, விடுங்கோ" என்று பேரன் சொன்னால், அந்தச் சொல்லைக் கேளுங்கள்.