உஷார்! மகளின் குரல் கம்மினால் மைக்கை வாங்கி வையுங்கள்

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குக் குரல் தேர்வு அறிவித்துவிட்டால் போதும், பாடத் தெரிந்த பெண் குழந்தை இருக்கும் வீட்டில் விடியுமுன்பே அலாரம் அடிக்கத் தொடங்கிவிடும். சாதகம், பள்ளிக்கூடம், சாயங்காலம் பாட்டு வகுப்பு, வீடு திரும்பியதும் கரோக்கியில் சினிமாப் பாட்டு. அம்மா செல்போனில் பதிவு செய்ய, "இன்னும் ஒரே ஒரு தடவை பாடிடும்மா" என்று இரவு பத்து மணி தாண்டும். மறுநாள் குழந்தையின் குரல் கம்மிப்போகிறது. வாயில் பனங்கற்கண்டும் மிளகும் போட்டுவிட்டு, அதே சாதகம் மறுபடி ஆரம்பிக்கிறது.

தாய்மார்களே, ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

பத்து வயதுச் சிறுமி சாதாரணமாகப் பேசும்போதே அவளுடைய குரல் நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 250 தடவை ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. 5 கட்டை சுருதியில் மேல் பஞ்சமத்தைப் பிடித்தால் அது 580-ஐத் தாண்டும். ஓய்வே தராமல் உரக்கப் பாட வைத்தால் மோதும் இடத்தில் முதலில் வீக்கம் வரும். அப்புறம் அதுவே தடித்துக் காய்த்துப்போகும். டாக்டர்கள் நாட்யூல் என்று சொல்வது இதைத்தான். காலையில் தெளிவாக இருக்கும் குரல் சாயங்காலம் கரகரக்கும். மேல் ஸ்தாயிக்குப் போனால் சுரம் நிற்காமல் வெறும் காற்றாக வரும். குழந்தை சும்மா சும்மா தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பாள்.

கற்கண்டும் கஷாயமும் உணவுக் குழாய் வழியாக வயிற்றுக்குப் போகின்றன. குரல் நாண் இருப்பதோ மூச்சுக் குழாயின் வாசலில். தொண்டையை மரக்கச் செய்யும் மிட்டாய் மாத்திரைகள் இன்னும் மோசம். நிறுத்து என்று உடம்பு சொல்லும் வலியை அவை மறைத்துவிடுகின்றன. கரகரப்பு இரண்டு மூன்று வாரம் நீடித்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கத்தி வைக்காமலே, ஓய்விலும் குரல் பயிற்சியிலும் சரியாகிவிடும். அதற்கு முதலில் பாட்டை நிறுத்த வேண்டும். அடுத்த வாரம் அரையிறுதி என்றாலும் நிறுத்தத்தான் வேண்டும்.

பூப்பெய்தும் வயதில் பெண் குழந்தைகளின் குரல்வளையும் வளர்கிறது. கொஞ்ச காலம் குரல் பிசிறும், ஏறிய இடத்துக்கு ஏறாது. "முன்ன மாதிரி உழைக்கிறதில்ல" என்று அந்த நேரத்தில் திட்டப்படும் பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

ஆபத்து குரலோடு நின்றால்கூடப் பரவாயில்லை. வாய்ப்பு என்ற சொல்லைக் கேட்டதும் படித்த அம்மாக்கள்கூடக் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். 14 வயது நிறையாத குழந்தைகளைப் படப்பிடிப்பிலும் வணிக நிகழ்ச்சிகளிலும் பங்கேற்க வைப்பதற்கு 2017-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பாகப் போடப்பட வேண்டும். குழந்தைக்கு விருப்பமில்லை என்றால் பங்கேற்க வைக்கவே கூடாது. நள்ளிரவு வரை உங்கள் மகளை உட்கார வைப்பவரிடம் இவற்றைக் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

யாரை நம்பியும் தனியே அனுப்பாதீர்கள். 1950-களில் இந்திப் படங்களில் பெரும் புகழ் பெற்ற குழந்தை நட்சத்திரம் டெய்ஸி இரானி. ஆறு வயதில் படப்பிடிப்புக்காகச் சென்னை வந்தபோது, பாதுகாப்புக்கு வந்த ஆளே தன்னைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாக 2018-ல் அவரே பேட்டியில் சொன்னார். தன்னை நட்சத்திரமாக்கியே தீருவது என்று தாய் பிடிவாதமாக இருந்ததையும் சொன்னார். அந்தக் கொடுமையை வெளியே சொல்ல அவருக்கு ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஆயின.

நம் ஊரில் எத்தனையோ பெண்களின் பாட்டு கல்யாணத்தோடு நின்றுபோயிருக்கிறது. பாட முடியாமல் போன அந்த ஏக்கத்தில் தப்பே இல்லை. அதைத் தீர்க்கும் பொறுப்பு மகளுடையது அல்ல. நாற்பது வயதுக்கு மேல் வாய்ப்பாட்டு வகுப்பில் சேரும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நீங்களும் போய்ச் சேருங்கள்.

வகுப்பு நாளில் மட்டும் வயிற்றுவலி, போட்டிக்கு முந்தின இரவு தூக்கமின்மை, பாடி முடித்ததும் நடுவரைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்ப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இன்று இரவே மகளிடம் கேளுங்கள்: "உனக்குப் பாடப் பிடிச்சிருக்கா கண்ணு? இல்லேன்னா விட்டுடலாம், அம்மாவுக்குக் கோபம் வராது." அவள் வேண்டாம் என்றால் சொன்னபடி விட்டுவிடுங்கள். மனம் சோர்ந்துபோயிருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம். குழந்தையை யாராவது துன்புறுத்துவது தெரிந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.