வடமுனைப் பாதையில் தூரமும் நேரமும்

நார்வேயின் வடபகுதியிலுள்ள ட்ரோம்சோ நகரிலிருந்து, ஆர்க்டிக் பெருங்கடலில் அந்நாட்டின் ஆட்சிக்குட்பட்ட ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லாங்யியர்பியென் ஊருக்குப் பயணிகள் விமானங்கள் பறக்கின்றன. 1975இல் திறக்கப்பட்டு, ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலத்தின்மீது ஓடுபாதை கொண்ட லாங்யியர்பியென் நிலையமே, கால அட்டவணைப்படி பொதுமக்களுக்கான சேவை நடைபெறும் விமான நிலையங்களுள் உலகின் வடகோடியில் உள்ளது.

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைவெளி மிகப் பெரிதாகத் தோன்றும். உருண்டையான புவியைத் தட்டையாக விரிக்கும் மெர்க்கேட்டர் முறைப் படங்கள் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகத் தூரத்தை நீட்டிக் காட்டுவதால், ட்ரோம்சோவின் அருகே ஏறத்தாழ 3 மடங்கும், லாங்யியர்பியென் அருகே 5 மடங்கை நெருங்கியும் பிழை சேர்கிறது. உண்மைத் தூரத்தைப் பெருவட்டம் தருகிறது. புவிக்கோளத்தின் மையம் வழியாகச் செல்லும் தளம் அதன் மேற்பரப்பில் வரையும் இவ்வட்டமே இரு இடங்களுக்கிடையிலான மிகக் குறுகிய வழியாகும். முதல் நிலையம் வட அட்சரேகை 69.7 பாகையிலும் அடுத்தது 78.2 பாகையிலும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் அமைந்திருப்பதால், ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினாலே விடை கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். துல்லியமான கணக்கு ஏறத்தாழ 960 கிலோமீட்டர்.

நேரம் இவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் 68 நிமிடமே வரும்; அட்டவணையோ ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஒதுக்குகிறது. நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் மறுமுனையில் வந்து நிற்கும் வரையுள்ள முழு நேரத்தையும் அட்டவணை கணக்கில் கொள்வதும், மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் செல்லாததும் இதற்குக் காரணங்கள். காற்றின் பங்கும் உண்டு: மணிக்கு 100 கிலோமீட்டர் எதிர்க்காற்று நேருக்கு நேர் வீசினால் 68 நிமிடம் 77 ஆகும், திரும்பும் வழியில் அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 61 ஆகக் குறையும். இரண்டையும் கூட்டினால் காற்றில்லாத நாளைவிட 2 நிமிடம் அதிகமாகவே வரும். நேரெதிர்க் காற்று பறித்த நேரத்தைப் பின்காற்று முழுவதும் திருப்பித் தருவதில்லை என்பது பலரும் கவனிக்கத் தவறும் உண்மை. மேலும், பனிமூட்டத்தால் இறங்க இயலாவிட்டால் பெரிய ஜெட் விமானங்களுக்கேற்ற வேறு நிலையம் ஸ்வால்பார்டில் இல்லாததால், நிலப்பரப்புக்குத் திரும்பத் தேவையான எரிபொருளையும் அவை சுமந்தே செல்லவேண்டும்.

தூரம் குறையக் குறைய இந்த வகுத்தற்கணக்கு மேலும் பொய்க்கிறது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயையும் பாப்பா வெஸ்ட்ரேயையும் 1967 முதல் இணைக்கும், உலகின் மிகக் குறுகிய பயணிகள் சேவையின் தூரம் 2.7 கிலோமீட்டர் மட்டுமே. மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்துக்கு அது 40 நொடியில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அங்கு பதிவான மிக விரைவான பயணமே 53 நொடி, அட்டவணை ஒதுக்குவதோ 2 நிமிடம்.